ஓர் அங்குலத் திருகு

மறைமலை நகரில், ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் தொழிற்பேட்டைக்குள் திரும்பும் வழியொன்றில், பழைய இரும்பும் செம்புக் கம்பியும் எடைக்கு வாங்கி எடைக்கே விற்கும் அண்ணாச்சி ஒருவரின் கடை இருக்கிறது. இந்தப் பிராந்தியத்துத் தொழிற்சாலைகளில் 25 வருஷகாலம் ஸ்டோர் கணக்கு எழுதிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மறுப்பதால், மாதத்துக்கு இரண்டு முறையேனும் அக்கடைக்குப் போய், ஒரு கீலையோ கொண்டியையோ தேடுகிற பாவனையில் கூடைகளைக் கிளறிக்கொண்டிருப்பது என் வழக்கம். சென்ற மார்கழியில் அப்படிக் கிளறியபோது, உடைந்த ரிலேக்களுக்கும் அறுந்த கேபிள் முனைகளுக்கும் அடியில், பெருநெல்லிக்காய் பருமனில் கறுத்த உருளையொன்று அகப்பட்டது. வேட்டித் தலைப்பால் துடைத்துப் பார்த்தால், லென்ஸ். முன் வளையத்தில் 25 மி.மீ., 1:1.4 என்று பொறித்திருந்தது. பக்கவாட்டில், விரலால் முடுக்கத்தக்க இரண்டு சிறு திருகுகள். குவியத்தை நிர்ணயிக்கும் வளையத்திலிருந்து அதன் கீழுள்ள அசையாத பகுதி வரைக்கும், இளஞ்சிவப்பு நகப்பூச்சினால் இழுத்த ஒரு கோடு.

அந்தக் கோட்டைக் கண்டதுமே அது எங்கிருந்து வந்ததென்று விளங்கிவிட்டது. கல்யாண வீட்டில் படம் எடுப்பவனுக்கு வளையம் இலகுவாகச் சுழலவேண்டும். தொழிற்சாலை வரிசையில் பொருத்திய லென்ஸுக்கோ, ஒருமுறை வைத்த வளையம் யந்திரங்களின் அதிர்வால் ஒரு நூலிழைகூட நகரக்கூடாது. ஆகையால் முதலில் திருகால் இறுக்குகிறார்கள். இறுக்கியது நகர்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளும் பொருட்டு, மனைவியினுடையதோ தங்கையினுடையதோ, ஒரு நகப்பூச்சுக் குப்பியைக் கொண்டுவந்து கோடு இழுத்துவைக்கிறார்கள். கோடு முறிந்திருந்தால் வளையம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

விலை கேட்டேன். அண்ணாச்சி அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “தராசுல வச்சா ஒண்ணும் தேறாது சார். கேமரா சாமான், கண்ணாடியும் நல்லாருக்கு. நூத்தம்பது குடுங்க” என்றார். எந்தக் கம்பெனிச் சரக்கில் வந்தது என்று கேட்டதற்கு ஒரு சிரிப்புதான் பதில்.

வீட்டுக்கு வந்து அதன் பின்புறத் திருகை வெர்னியர் வைத்து அளந்தேன். 25.4 மில்லிமீட்டருக்கு மயிரிழை குறைவு. அதாவது ஓர் அங்குலம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அங்குலத்துக்கும் அடிக்கும் விடைகொடுத்துவிட்ட தேசத்தில், ஜப்பானியரும் கொரியரும் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் வந்து அமைத்த ஆலைகளில், போல்ட்டும் நட்டும் துளையும் தண்டும் மில்லிமீட்டரிலேயே பேசுகிற இந்த ஓரகடம்–ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், ஓர் அங்குல விட்டமும் ஓர் அங்குல நீளத்துக்கு 32 புரிகளும் கொண்ட இந்தத் திருகு மட்டும் எப்படி உயிரோடிருக்கிறது என்பதே நான் சொல்லப் புகுந்த சரித்திரம்.

இங்கே ஒரு சிறிய சங்கடத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1980-ஐ ஒட்டித் துணைநகரமாக அமைத்த இவ்வூருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள், வேதாசலம் என்ற தம் பெயரையே, வேதத்தை மறையாக்கியும் அசலத்தை மலையாக்கியும், 1916-ஆம் ஆண்டளவில் தமிழாக்கிக்கொண்டவர். அவர் பெயர் தாங்கிய நகரில் உட்கார்ந்துகொண்டு யந்திரம் என்றும் பிம்பம் என்றும் எழுதுகிறவனை அவர் மன்னித்திருப்பாரா என்பது சந்தேகமே. கேமரா, லென்ஸ் என்ற சொற்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். புகைக்கும் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதிருக்க, புகைப்படம் என்று நாடு முழுவதும் சொல்லிவருவதையேனும் விலக்கி, நிழற்படம் என்றே எழுதுகிறேன். அடிகளுக்கு என்னால் செய்யக்கூடிய மரியாதை அவ்வளவுதான்.

1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் கம்பெனியார், 16 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருள் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதுவரை திரைப்படம் என்றால் பெரும்பாலும் 35 மி.மீ. சுருள், எளிதில் தீப்பற்றிக்கொள்ளும் வஸ்துவினால் ஆனது, ஸ்டூடியோக்காரர்களுக்கே உரியது. புதிய சுருளோ தீப்பற்றாத அசிட்டேட்டினால் ஆனது. வீட்டுக்காரர் தம் குழந்தைகளையும் நாயையும் படம் பிடிப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. 100 அடிச் சுருளொன்று நாலு நிமிஷம் ஓடும். அதே ஆண்டில் சிகாகோவின் பெல் அண்டு ஹவெல் கம்பெனியார், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் முறுக்கிவிட்டால் ஓடக்கூடிய ‘ஃபில்மோ’ என்னும் கேமராவை வெளியிட்டனர். அந்தக் கேமரா வம்சத்தில் 1920களிலேயே நிலைபெற்றதுதான் பிற்காலத்தில் ‘சி மவுண்ட்’ என்று உலகமெங்கும் வழங்கலான இந்தத் திருகு.

திருகின் விட்டத்தையும் புரியையும் முன்பே சொன்னேன். அவற்றைக் காட்டிலும் முக்கியமான மூன்றாவது அளவு ஒன்றுண்டு. கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அதை அநேகர் மறந்துவிடுகிறார்கள். லென்ஸைத் திருகி முடித்ததும் அதன் தோள், கேமராவின் முகத்தில் வந்து தட்டி நிற்கிறதல்லவா, அந்த முகத்திலிருந்து உள்ளே பிம்பம் விழும் தளம் வரைக்கும் உள்ள தூரம் 17.526 மி.மீ. இருக்கவேண்டும். இது என்ன இப்படியொரு ஒழுங்கற்ற எண் என்று திகைக்க வேண்டாம். அங்குலத்தில் சொன்னால் 0.690. லெஸ்டரில் டெய்லர் ஹாப்ஸன் பட்டறையார் கடைந்த லென்ஸ் ஒன்று, சமுத்திரத்துக்கு அப்பால் சிகாகோவில் செய்த கேமராவில் முடுக்கப்பட்டதும் தெளிவான படத்தைத் தருகிறதென்றால், அதற்குக் காரணம் இரு தரத்தாரும் அந்தத் தூரத்தைக் காப்பாற்றினார்கள் என்பதே. 1935-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பயார் கம்பெனியார் ‘போலெக்ஸ் எச் 16’ என்ற கேமராவைக் கொண்டுவந்தபோது, வேறொரு திருகைக் கண்டுபிடிக்கவேண்டும் என்ற அகங்காரம் அவர்களுக்கு இல்லை. மூன்று லென்ஸுகளைத் தாங்கிச் சுழலும் தட்டில் மூன்று சி மவுண்ட் வாய்களையே வைத்தார்கள். அகன்ற காட்சிக்கு ஒன்று, சாதாரணத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. தட்டைச் சுழற்றினால் கண் மாறும். சின்னஞ்சிறு பிம்பமும் கழற்றி மாற்றத்தக்க லென்ஸும் ஒரே கருவியில் சேர்ந்து சாமானிய மனிதரின் கைக்கு வந்த வழிகளில், இதைப்போல் நீடித்தது வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டிலும் அக்காலத்தில் ஸ்டூடியோவுக்கு வெளியே கேமராவைத் தூக்கித் திரிந்த விசித்திர மனிதர்கள் சிலர் இருந்தார்கள். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். படக் கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் சாதனம் ஒன்றும் அவருடைய கண்டுபிடிப்புகளின் ஜாபிதாவில் இடம்பெற்றிருக்கிறது. லென்ஸுக்கும் தூரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி யோசித்த தமிழர் அவர்.

ஆனால் லென்ஸ் மாற்றும் கலையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறவர் மா. கிருஷ்ணன்தான். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை, கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி விடாமல் எழுதிவந்தவர், சென்னைவாசி. அவர் யானைகளைப் படம் பிடித்த கேமராவை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது. ஏனென்றால் ஒரு கம்பெனியின் உடம்பையும் வேறொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸையும், தாமே சேர்த்துக்கொண்ட உறுப்புகளையும் இணைத்துச் செய்தது அது. ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று அதற்கு அவரே நாமகரணமும் செய்திருந்தார். அது சிறிய கேமரா அன்று; பெயரே சொல்லுகிறபடி பெரும் பாரம். அவர் விரும்பியதும் பெரிய பிம்பத்தைத்தான். கறுப்பு வெள்ளையை விட்டு அவர் வண்ணத்துக்குப் போகவுமில்லை. எனினும், ஒரு லென்ஸ் எந்த உடம்போடு பிறந்ததோ அதோடேயே சாகவேண்டும் என்ற கம்பெனிச் சம்பிரதாயத்தை அவர் பொருட்படுத்தவில்லை. பின்னால் வருகிற விஷயத்துக்கு இது வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சி வந்தது. 1950-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தார் ‘விடிகான்’ என்ற கண்ணாடிக் குழாயை வெளியிட்டனர். ஓர் அங்குல விட்டமுள்ள அக்குழாயின் முகத்தில், பிம்பத்தை வாங்கிக்கொள்ளும் பரப்பு மூலைக்கு மூலை 16 மி.மீ. அளவே, மீதி குழாயின் ஓரத்துக்கும் சுவருக்கும் போய்விடும். 16 மி.மீ. படச்சுருளின் கட்டமோ மூலைக்கு மூலை ஏறத்தாழ 12.7 மி.மீ. இரண்டும் அண்டைவீட்டு அளவுகள் ஆகையால், சினிமாவுக்கென்று கடைந்த லென்ஸ்கள் டெலிவிஷனுக்கும் பெரும்பாலும் சரிப்பட்டன. புதிதாக வந்தவர்கள் புதுத் திருகு வெட்டாமல், பழைய சி மவுண்டையே வாயில் பொருத்திக்கொண்டார்கள்.

இதிலிருந்து விளைந்த ஒரு குழப்பம் இன்றும் கடைகளில் நடமாடுகிறது. குழாய் போய், 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்த சி.சி.டி. என்னும் சிலிக்கன் சில்லு வந்த பின்னரும், அந்தச் சில்லின் அளவைக் குழாயின் விட்டத்தாலேயே குறிப்பிடுவதை விடவில்லை. ‘ஓர் அங்குலச் சென்ஸார்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி ஸ்கேலை எடுத்து அளந்தால், மூலைக்கு மூலை 16 மி.மீ. தான் இருக்கும். ‘மூன்றில் இரண்டு அங்குலம்’ என்பது 11 மி.மீ.; ‘அரை அங்குலம்’ என்பது 8 மி.மீ. இல்லாத கண்ணாடிக் குழாயின் தடிமனைச் சொல்லி இருக்கிற சிலிக்கனை விற்கிறார்கள். படியும் மரக்காலும் வழக்கொழிந்த பிறகும், மளிகைக் கடையில் அரைப்படி என்று கேட்கிற பாட்டிகளை நினைத்துக்கொண்டால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

சென்னைக்குத் தூரதர்ஷன் வந்தது 1975 ஆகஸ்டு 15. அக்காலத்துச் செய்திப்படங்கள் 16 மி.மீ. சுருளிலேயே எடுக்கப்பட்டன. 1982 ஏஷியாட் விளையாட்டை ஒட்டி வண்ண ஒளிபரப்பும், அதைத் தொடர்ந்து வீடியோவும் பெருகப் பெருக, சுருள் கேமராக்கள் அலமாரிக்குப் போயின. போலெக்ஸும் ஃபில்மோவும் பழம்பொருள் ஆயின. அவற்றோடு திருகும் மடிந்துபோயிருக்கவேண்டியதே நியாயம். அது மடியாமல், வாசற்படிக் காவலுக்குப் போய்ச் சேர்ந்தது.

காவற்கேமரா என்பது வேறு ஜாதி. அதற்கு அழகு வேண்டாம், மலிவு வேண்டும். சில்லுகள் சிறுத்தபடியால் லென்ஸைச் சில்லுக்கு இன்னும் நெருக்கமாக வைத்து, லென்ஸையும் சிறிதாக்கலாம் என்று கண்டு, திருகை அப்படியே வைத்துக்கொண்டு தூரத்தில் மட்டும் 5 மி.மீ. குறைத்தார்கள். 17.526 என்பது 12.526 ஆயிற்று. அதற்கு ‘சி.எஸ். மவுண்ட்’ என்று பெயர். விட்டம் அதே, புரி அதே. கையால் முடுக்குகிறவனுக்கு யாதொரு வித்தியாசமும் தெரியாது. பழைய லென்ஸைப் புதிய கேமராவில் போடவேண்டுமானால், நடுவில் 5 மி.மீ. தடிமனுள்ள வளையமொன்றைச் செருகவேண்டும். சென்னை நகரத் தெருக்கள்தோறும் 2017-க்குப் பின் போலீஸார் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் கேமராக்களைப் பெருக்கியபோது, அந்தக் கண்களை வாங்கியவர்களில் எத்தனைபேர் இந்த வளையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்!

நான் கேள்விப்பட்ட விதம் மறக்கக்கூடியதன்று. இவ்வட்டாரத்தில் ஒரு உதிரிப்பாக ஆலையில் (பெயர் எதற்கு?) அப்போது ஸ்டோர் என் பொறுப்பில் இருந்தது. இயந்திரத்தில் கடைந்த இரும்பு வளையங்கள் பெல்ட்டில் வரிசையாக வரும்; மேலே தொங்கும் கேமரா ஒவ்வொன்றையும் பார்த்து, உள்ளே ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்று நிர்ணயிக்கும். இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் ‘என்ஜி’. ஜப்பானியர் வாயிலாகவும் கொரியர் வாயிலாகவும் வந்து, இங்கே செய்யாறு, உத்திரமேரூர்ப் பையன்கள் வாயில் தமிழாகவே ஆகிவிட்ட அந்தச் சொல்லுக்குத் தகாதது என்று பொருள். என்ஜி ஆனது சிவப்புத் தொட்டியில் விழும். ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் அந்தக் கேமரா செத்துப்போயிற்று. டெக்னீஷியன் தம்பி ஓடிவந்தான். ஸ்டோரில் இருந்த மாற்றுக் கேமராவை எடுத்துக் கொடுத்தேன். பழையதிலிருந்து லென்ஸைக் கழற்றிப் புதியதில் முடுக்கினான். திரையில் படம் வந்தது, ஆனால் கஞ்சியில் முக்கியெடுத்ததுபோல் வந்தது. வளையத்தைத் திருப்பினான், தெளியவில்லை. கண்ணாடியைத் துடைத்தான், விளக்கை மாற்றினான், கேபிளை மாற்றினான், கேமராவை ஏற்றினான், இறக்கினான். வந்த உருப்படியெல்லாம் என்ஜி என்று சிவப்புத் தொட்டி நிரம்பி வழிந்தது. மூன்று மணி நேரம் வரிசை நின்றது. விடியற்காலையில் அம்பத்தூரிலிருந்த கேமரா வியாபாரியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டபோது, அவர் கொட்டாவியின் நடுவே கேட்டது ஒரே கேள்வி: “அஞ்சு எம்எம் ரிங் போட்டீங்களா சார்?”

எந்த ரிங்? பழைய கேமராவைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். அதன் வாயில், உடம்போடு உடம்பாகக் கறுத்துப்போய், தனிப்பொருள் என்றே சந்தேகிக்க இடமில்லாமல் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. லென்ஸைக் கழற்றியபோது அது லென்ஸோடு வராமல் கேமராவோடு தங்கிவிட்டது. இடுக்கியால் பிடித்து அதைக் கழற்றிப் புதியதில் போட்டதும், ரப்பர் சீலின் விளிம்பில் இருந்த ஒரு தூசிகூடத் தெரிந்தது. அப்புறம் அந்த வளையத்துக்கு ஸ்டோர் ரிஜிஸ்தரில் ஒரு தனி எண் கொடுத்தேன்; நான் வேலையை விடும்வரை ஆறு வளையங்கள் குறையாமல் இருப்பில் வைத்திருந்தேன்.

சிங்கப்பெருமாள் கோயிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் பிரிந்து ஓரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையில் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் ஆட்டு மந்தையும் தவிர வேறு காட்சி இல்லை. இராமாநுஜர் அவதரித்த தலம் என்பதே ஸ்ரீபெரும்புதூருக்கு நெடுங்காலப் பெருமை. சிறிய கேமராவொன்றின் பெயர் அவ்வூரோடு முதலில் சேர்ந்தது துக்ககரமான விதத்தில்: 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியோடு மாண்டவர்களில் ஒரு நிழற்படக்காரரும் இருந்தார், அவர் கையிலிருந்த 35 மி.மீ. கேமரா பழுதுபடாமல் கிடைத்ததும், அதிலிருந்த படங்களே புலனாய்வாளர்களுக்குத் துப்பு ஆனதும் நாடறிந்த செய்தி. அதன் பிறகுதான் ஆலைகள் வந்தன. மறைமலை நகரில் ஃபோர்டு, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய், 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடி, 2006-இல் நோக்கியா, 2010-இல் ஓரகடத்தில் ரெனோ–நிஸான், பின்னும் டைம்லர், ராயல் என்ஃபீல்டு. நோக்கியா 2014-இல் மூடிற்று. ஃபோர்டு 2022-இல் கடைசிக் காரை அனுப்பிவிட்டு ஓய்ந்தது. அவை வந்ததும் போனதும் வேறொரு கட்டுரைக்கு உரியவை.

இந்த ஆலைகளும் இவற்றுக்குச் சாமான் செய்துதரும் சிற்றாலைகளும் மனிதக் கண்ணை நம்பியிருந்த காலம் மெல்லக் கழிந்து, ‘விஷன்’ என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லுகிற கேமராக்கள் வரிசைகளின்மேல் வந்து உட்கார்ந்தன. தீப்பெட்டியைக் காட்டிலும் சற்றே பெரிய அலுமினியக் கட்டி. உள்ளே அரை அங்குலமோ மூன்றில் இரண்டு அங்குலமோ என்று சொல்லப்படுகிற சில்லு. முன்னால் ஓர் அங்குலத் திருகு. சிறு சில்லு, சிறு உடம்பு, மாற்றத்தக்க லென்ஸ். நிழற்படக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்கப்பட்டிருந்த அந்த அபூர்வ வஸ்து, இங்கே கிரீஸ் படிந்து, யாரும் ஏறிட்டுப் பாராமல், ராப்பகலாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. கைபேசி தயாராகும் வரிசையிலும் இதுவே காவல்; லென்ஸைக் கழற்றவே முடியாத கோடிக்கணக்கான கேமராக்களைத் தம்முள் அடக்கிய கைபேசிகளின் மின்பலகைகள், லென்ஸைக் கழற்றத்தக்க கேமராவின் பரீட்சையில் தேறிய பிறகே வெளியே போகின்றன.

நிழற்படக்காரர்களுக்கென்று இதே யோசனையை முயன்றவர்களின் கதை சுருக்கமானது. 1978-இல் பென்டாக்ஸ் கம்பெனியார், 17-க்கு 13 மி.மீ. கட்டமுள்ள 110 சுருளுக்கு, உள்ளங்கைக்குள் மறையக்கூடிய கேமராவொன்றைச் செய்து, பெருநெல்லி பருமனில் அதற்கு மாற்று லென்ஸுகளும் செய்தனர்; சுருள் வழக்கொழிந்ததும் அது பொம்மையாயிற்று. 2008-இல் பானசோனிக்காரர், ஏறக்குறைய அதே 17-க்கு 13 அளவுள்ள சில்லைக் கொண்டு தொடங்கிய வம்சம் ஒன்று இன்றுவரை பிழைத்திருக்கிறது. 2011-இல் இரண்டு பேர் இன்னும் கீழே இறங்கினார்கள். நிக்கான் ‘ஓர் அங்குல’ச் சில்லோடு ‘நிக்கான் 1’ என்று ஒரு குடும்பத்தையே தொடங்கி, 2018-இல் கைவிட்டது. பென்டாக்ஸோ ‘கியூ’ என்ற எழுத்தைப் பெயராகக் கொண்டு, 6-க்கு நாலரை மி.மீ. சில்லை உள்ளே வைத்தது, 35 மி.மீ. சுருளின் கட்டத்தில் முப்பதில் ஒரு பங்குப் பரப்பு. அதைவிடச் சிறிய சில்லுக்கு லென்ஸ் மாற்றும் நிழற்படக் கேமரா செய்யும் துணிச்சல் பெரிய கம்பெனி எதற்கும் பின்னர் உண்டாகவில்லை. 2014-க்குப் பின் அதுவும் நின்றது.

ஏன் நின்றன? சில்லு சிறிதாகையால் இருட்டில் படம் கெடுகிறது, கைபேசி வந்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஸ்டோர்க்காரனுக்குத் தோன்றுகிற காரணம் வேறு. நிக்கானின் வாய் நிக்கானுக்கு, பென்டாக்ஸின் வாய் பென்டாக்ஸுக்கு. கம்பெனி மூடினால் வாயும் மூடிவிடும். பிறகு அந்த லென்ஸுகள் அநாதை. சி மவுண்டுக்கு அப்படியொரு சொந்தக்காரன் இல்லாமற்போனதே அதன் ஆயுசுக்குக் காரணம். சிகாகோக்காரன் வெட்டிய திருகை ஸ்விஸ்காரன் எடுத்துக்கொண்டான்; சினிமாக்காரனிடமிருந்து டெலிவிஷன்காரன், அவனிடமிருந்து காவற்காரன், அவனிடமிருந்து நம் ஓரகடத்து என்ஜி பார்க்கிறவன். எவனும் உரிமை கொண்டாடவில்லை. ஊர்ப்பொதுக் கிணற்றில் ராட்டினம் யாருடையதென்று யார் கேட்கிறார்கள்?

இந்தச் சிறு கேமராக்களை இன்று வாங்கி வைத்திருக்கிறவர்கள் செய்கிற வேடிக்கையும் அதுதான்: அவற்றின் வாயில் ஒரு பித்தளை வளையத்தைப் போட்டு, பழைய சினிமா லென்ஸையோ ஆலை லென்ஸையோ முடுக்கிவிடுகிறார்கள். நிக்கான் 1-இன் முகத்திலிருந்து சில்லுக்கு 17 மி.மீ.; சி மவுண்டுக்கு வேண்டியது 17.526, ஆகவே வளையத்துக்கு அரை மில்லிமீட்டரே இடம். பானசோனிக் வம்சத்திலோ தூரம் 19.25 ஆகிவிடுகிறபடியால், லென்ஸை வாய்க்குள்ளேயே சற்று இறக்கவேண்டும். பருத்த லென்ஸ் இறங்காது. பென்டாக்ஸ் கியூவில் தூரம் 9.2 தான் என்பதால் அங்கே இட நெருக்கடி இல்லை. மா. கிருஷ்ணன் இருந்திருந்தால் இந்த அற்பச் சில்லை ஏளனம் செய்திருப்பார். வளையம் கடைவதை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

என்னிடமும் யாரோ கைவிட்ட ஒரு பென்டாக்ஸ் கியூ இருக்கிறது. அண்ணாச்சி கடை லென்ஸை வளையத்தோடு அதில் முடுக்கிக்கொண்டு, தை மாதத்தில் ஒரு நாள் வேடந்தாங்கலுக்குப் போனேன். ஜி.எஸ்.டி. சாலையோடு தெற்கே போய்ப் படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் ஏரி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே பறவைகளைச் சுடக்கூடாதென்று ஊரார் கலெக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்ட ஏரி. பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமென்று அறிந்த உழவர்களின் கெட்டிக்காரத்தனம் அது. நீர்க்கடம்ப மரங்களின்மேல் நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டிருந்தன. அந்தச் சில்லின்மேல் 25 மி.மீ. லென்ஸ், 35 மி.மீ. கேமராவில் 140 மி.மீ. லென்ஸ் காட்டுகிற அளவுக்குக் காட்சியை நெருக்கிக் காட்டும். ஆனாலும் நாரைகளுக்கு அது போதாது. ஒரு முழ தூரத்துப் பெல்ட்டின்மேல் இரும்பு வளையம் பார்க்கக் கடைந்த கண்ணுக்கு அக்கரை மரம் எங்கே எட்டும்!

அது போகட்டும். இன்னொரு சிரமத்தை நான் எதிர்பார்க்கவில்லை. திருகு என்பது எந்த இடத்தில் தட்டி நிற்கவேண்டும் என்பதற்குத்தான் கணக்கு வைத்திருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கவேண்டும் என்பதற்கு வைத்திருக்கவில்லை. நாலைந்து சுற்றுச் சுற்றி லென்ஸ் இறுகியபோது, துவாரத்தின் எண்களும் தூரத்தின் எண்களும் நகப்பூச்சுக் கோடும் அடிவயிற்றுப் பக்கம் போய்விட்டன. ஒவ்வொரு படத்துக்கும் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணைப் படித்து, திருகைத் தளர்த்தி, வளையத்தைத் திருப்பி, மறுபடி நிமிர்த்தவேண்டியிருந்தது. கரையில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஆயா இதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்:

“பட்சி அங்க மேல இருக்குது சாமி. நீ என்னா, அத்தக் கவுத்துக் கவுத்துப் பாத்துனுகீற?”